உதவி வந்துகொண்டிருக்கிறது

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணா,

போனில் உங்களுக்கு இப்போது பாதிதான் கேட்கிறது என்று அண்ணி சொன்னார். அதனால் கத்துவதை விட்டுவிட்டுக் காகிதத்தை எடுத்தேன். கையால் எழுதிப் பல காலமாகிவிட்டது. நாலு வரி போவதற்குள் மணிக்கட்டு முனகுகிறது.

என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை. "உங்க பொறுப்பு நிறைவடைஞ்சிருச்சு" என்றார்கள். சொன்னவர் எங்கள் பிரிவின் மேலாளர், முப்பதைத் தொடாதவர். அவர் இல்லாத நேரத்தில் நாங்கள் அவரைச் சின்னவர் என்போம். கண்ணாடிச் சுவர் வைத்த அறையில் என்னை உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். அந்த பாட்டில் நகர்ந்தபோதே விஷயம் புரிந்துவிட்டது.

"அக்கா, நீங்க இந்தக் கம்பெனிக்கு அஸ்திவாரம். ஆனா இப்ப மேல மாடியைத்தான் புதுசா கட்டறோம்" என்றார்.

"அப்ப அஸ்திவாரத்தை யாரு பாத்துப்பா?"

"அஸ்திவாரத்தை யாராவது பாப்பாங்களாக்கா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் விவரமாகக் கேட்டதில்லை. இப்போது வழக்கறிஞராகத் தெரிந்துகொள்ளுங்கள். தனியாக வசிக்கும் வயதானவர்கள் கழுத்தில் ஒரு பொத்தான் தொங்கும். விழுந்தாலோ நெஞ்சை அடைத்தாலோ அதை அழுத்த வேண்டும். அழைப்பு எங்கள் கட்டுப்பாட்டு அறைக்கு வரும். அங்கிருந்து ஆம்புலன்ஸ் போகும். அழைப்பை வாங்கி, அதற்கு ஓர் எண் கொடுத்து, வரிசையில் நிறுத்தும் ப்ரோக்ராம் நான் எழுதியது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. அழுத்தியதும் அவர்கள் வீட்டில் ஒரு பெண் குரல் பேசும்: "உங்கள் அழைப்பு கிடைத்தது. பயப்படாதீர்கள். உதவி வந்துகொண்டிருக்கிறது." அதுவும் என் குரல்தான். வெளியாளைத் தேட அன்று நேரமில்லை. இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு. என்னை அனுப்பிவிட்டார்கள், குரலை வைத்துக்கொண்டார்கள்.

இனி கோட் எழுதப்போவது இயந்திரம். அதை மேற்பார்க்க இரண்டு பிள்ளைகள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு பதிவுக் கருவியின் முன் வாரக்கணக்கில் பேசவைத்தார்கள். நான் பேசப் பேச அது சுருக்கி எழுதிக்கொண்டது. ஏடு திருப்புதலைப் பற்றி மட்டும் ஒரு முழுக் காலைப்பொழுது பேசினேன். கேண்டீனில் எனக்கு 'தொல்லியல் துறை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் அந்த வாரம்தான் தெரிந்தது.

கையெழுத்துப் போடச் சொன்ன பணிவிலகல் உடன்படிக்கையை இத்துடன் வைத்திருக்கிறேன். அப்பா போனபிறகு நீங்கள் பார்க்காத காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை


இரகசியம். சட்ட ஆலோசனை தொடர்பானது.

பிப்ரவரி 17

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதமும் இணைப்பும் கிடைத்தன. செய்தி வருத்தமளித்தது. உன் அண்ணி சொன்னதை மட்டும் எழுதிவிடுகிறேன்: "இங்க வந்து கொஞ்ச நாள் இருக்கச் சொல்லுங்க. சும்மா ஆறுதல் எழுதி அனுப்பாதீங்க." அவ்வாறே சொல்கிறேன். எனினும் உடன்படிக்கை முடிவுக்கு வரும்வரை நீ உன் இருப்பிடத்திலேயே இருப்பது நலம்.

உடன்படிக்கையை இருமுறை படித்தேன். பெரும்பாலான பிரிவுகள் வழக்கமானவை. ஒன்பதாம் பிரிவை மட்டும் நீ கவனத்தில் கொள்ள வேண்டும். இதன்படி, நிறுவனத்தின் அமைப்புகள் குறித்து அதன் ஊழியர், வாடிக்கையாளர் எவரிடமும் நீ நேரிலோ எழுத்திலோ பேசுதல் கூடாது. கூறவேண்டியது ஏதேனும் இருப்பின் அவர்களது சட்டப் பிரிவுக்கு மட்டுமே கூறலாம். இதனை நீக்கக் கோரினேன், மறுத்துவிட்டனர். இதன் பொருட்டு மொத்த உடன்படிக்கையையும் நிராகரிப்பது உனக்கு நன்மை தரும் என நான் கருதவில்லை. கையெழுத்திடலாம்.

இவ்விஷயம் பற்றி மின்னஞ்சலில் ஒரு வரியும் எழுதாதே. உன் கணக்கு அவர்களது கருவியில் இத்தனை காலம் திறந்திருந்தது. காகிதமே பாதுகாப்பு.

ஏடு திருப்புதல் என்று எழுதியிருந்தாய். அது யாது? தெளிவுபடுத்தவும்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணா,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஐடி கார்டை வாங்கிக்கொண்டு, வாசல் வரை ஒரு காவலாளியைத் துணைக்கு அனுப்பினார்கள். நான் பணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேன் என்பதுபோல. பாவம், அவர்தான் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வேலை தேட ஆரம்பித்திருக்கிறேன். போன வாரம் ஒரு நேர்காணல். திரையில் தோன்றியவர் என் மூக்குக்கண்ணாடியைவிட இளையவர். "இந்தப் பழைய லாங்வேஜ் எல்லாம் இன்னும் உயிரோட இருக்கா மேடம்?" என்று கேட்டார். "இருக்கு, என்னை மாதிரியே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இந்தத் தொழிலில் ஆறு மொழிகளைப் படித்து, ஆறையும் மறந்திருக்கிறேன். ஒவ்வொன்றும் வந்தபோது இதுதான் கடைசி, இதற்கு மேல் எதுவும் வராது என்றார்கள். உங்கள் தலை நரைத்தபோது கட்சிக்காரர்கள் கூடினார்கள். என் தலை நரைத்தபோது கூட்டங்களுக்கு அழைப்பது நின்றது. நான் சாயம் பூசிக்கொண்டதும் அந்த வருடம்தான்.

ஏடு திருப்புதல் கேட்டீர்கள். சொல்கிறேன். அழைப்புகளுக்கு வரிசையாக எண் விழும் என்றேனல்லவா? அன்றைய இயந்திரத்தில் அந்த எண்ணுக்கு விட்ட இடம் சிறியது. உச்சத்தைத் தொட்டால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். அப்போது ஒன்றாம் எண்ணில் வரும் புது அழைப்பைப் பார்த்து, 'ஒன்றாம் எண் ஏற்கெனவே கவனிக்கப்பட்டாயிற்று' என்று நினைத்து, முடிந்தவற்றின் பட்டியலில் போட்டுவிடும். கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்காது. ஆனால் பொத்தானுக்குப் பதில் போகும். என் குரல் பேசும். அதனால் எண் உச்சத்தை நெருங்கும்போது, முடிந்தவற்றின் பட்டியலை நான் கையால் காலி செய்துவிடுவேன். ஏடு நிரம்பினால் புது ஏடு திருப்புகிறோமே, அப்படி. வருடத்துக்கு ஒருமுறை வரும், பத்து நிமிட வேலை.

அண்ணா, சின்னவர் ஒப்படைப்பின் சுருக்கத்தைக் கடைசி நாளில் காட்டினார். நான் ஒரு காலைப்பொழுது பேசியதற்கு அதில் இருந்தது ஒரே வரி: 'பழைய பட்டியல்களை அவ்வப்போது சுத்தம் செய்வது நல்லது.' "இது நல்லது இல்லப்பா, கட்டாயம்" என்றேன். "நோட் பண்ணிக்கறேன்க்கா" என்றார். அவர் கையில் பேனா இல்லை.

மே நடுவில் எண் உச்சத்தைத் தொடும். அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். கீழே நகல். அனுப்பலாமா?

'மே மாதம் அழைப்பு எண் உச்சத்தைத் தொடும். அதற்குமுன் முடிந்தவற்றின் பட்டியலைக் காலி செய்யாவிட்டால், பொத்தானை அழுத்துகிறவரிடம் உதவி வருகிறது என்று சிஸ்டம் சொல்லும், யாரும் போகமாட்டார்கள். ஆட்கள் செத்துப்போவார்கள். பத்து நிமிட வேலை. எப்போது கூப்பிட்டாலும் வந்து செய்து தருகிறேன்.'

உங்கள் தங்கை


இரகசியம். சட்ட ஆலோசனை தொடர்பானது.

மார்ச் 9

அன்புள்ள தங்கைக்கு,

அக்கடிதத்தை அனுப்பாதே. மூலப் பிரதியை எனக்கு அனுப்பிவை. கோபம் கொள்ளாமல் காரணத்தைக் கேள்.

பணிநீக்கம் செய்யப்பட்ட ஒருவர், 'குறிப்பிட்ட மாதத்தில் உங்கள் அமைப்பு செயலிழக்கும், ஆட்கள் சாவார்கள், என்னை அழையுங்கள்' என்று எழுதுகிறார். எழுதியவர் என் தங்கை என்பது எனக்குத் தெரியும். தெரியாத ஒருவர் இதனை எவ்வாறு வாசிப்பார்? மிரட்டலாக வாசிப்பார். வெளியேற்றப்பட்டவர்கள் போகும்போது அமைப்பினுள் கண்ணி வைத்துவிட்டுப் போன வழக்குகள் உண்டு. அவற்றில் தண்டனை பெற்றோரும் உண்டு. நீ கூறும் பழுது உன் கையால் எழுதப்பட்டது. அதன் நிவாரணமும் உன் ஒருத்திக்கே தெரிந்திருந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உன்னைக் கூண்டில் நிறுத்திக் கேட்கப்போகும் முதற்கேள்வியை நானே கேட்கிறேன்: இருபத்து நான்கு ஆண்டுகளாகக் கையால் செய்த ஒன்றை, தானாக நடக்கும்படி நீ ஏன் எழுதிவைக்கவில்லை?

உன் எச்சரிக்கை நியாயமானது. அதனை மறுக்கவில்லை. சட்டப் பிரிவுக்கு முறையான அறிவிப்பாக நானே வரைந்து அனுப்புகிறேன். வரைவை இணைத்துள்ளேன்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள அண்ணா,

உங்கள் கேள்விக்கு முதலில் பதில். எழுதித் தருகிறேன் என்று வருடாவருடம் கேட்டேன். அந்தப் பழைய பகுதியை யாரும் தொடக்கூடாது என்பது அங்கே விதி. தொட்டால் முழுவதையும் மறுபடி சோதித்துச் சான்று வாங்க வேண்டும். "அடுத்த வருஷம் புது சிஸ்டம் வந்துரும், விடுங்க" என்றார்கள். அந்த அடுத்த வருடம் பதினைந்து வருடமாக வந்துகொண்டிருந்தது. பிறகு நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன். அந்தப் பத்து நிமிடம் இருக்கும்வரை நானும் வேண்டியவள் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்ததோ என்னவோ. கூண்டில் நிறுத்திக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

வரைவைப் படித்தேன். மூன்று பக்கம். என் விஷயத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டாம் பக்கத்தில் கிடைத்தது: 'எமது கட்சிக்காரர், தமக்கு எவ்விதப் பொறுப்பும் இல்லையென்பதை வலியுறுத்தும் அதே வேளையில், குறித்த சில காலாந்தரப் பராமரிப்புச் செயல்கள் தொடரப்படாத பட்சத்தில், சில சூழ்நிலைகளில் பதிவுகளின் முறையான கையாளலில் பாதிப்பு ஏற்படக்கூடிய வாய்ப்பினை முற்றிலும் மறுப்பதற்கில்லை எனத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விழைகிறார்.'

அண்ணா, இதில் ஆம்புலன்ஸ் எங்கே? மே மாதம் எங்கே? விழுந்துகிடக்கும் ஆள் எங்கே?

ஆனால் நீங்கள் சொல்வதும் புரிகிறது. பயமாகவும் இருக்கிறது. மூலக் கடிதத்தை இத்துடன் அனுப்புகிறேன். உங்கள் வரைவையே அனுப்புங்கள்.

நேற்று மருந்துக்கடை வாசலில் ஹெட்செட்டைப் பார்த்தேன். கட்டுப்பாட்டு அறையில் அழைப்பு எடுக்கிறவர். சாப்பிடப் போகும்போதுகூடக் காதில் மாட்டியதைக் கழற்றமாட்டார், அதனால் அந்தப் பெயர். மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தார். நான் பார்க்காததுபோல் தாண்டினேன். பின்னாலேயே ஓடிவந்தார்.

"என்னக்கா, பாத்தும் பாக்காத மாதிரி போறீங்க? தொல்லியல் துறைன்னு நாந்தான் பேர் வெச்சேன்னு கோபமா?"

"அப்படியெல்லாம் இல்லப்பா. அவசரமா போறேன்."

"புது ஸ்கிரீன் வந்துருச்சுக்கா. ஜம்முனு இருக்கு. எல்லாம் ஒழுங்காத்தான் ஓடுது."

மே மாதம் ஜாக்கிரதை என்று ஒரு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. ஒன்பதாம் பிரிவு நினைவுக்கு வந்தது. மென்று விழுங்கிவிட்டு, "உடம்பைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் தங்கை


இரகசியம். சட்ட ஆலோசனை தொடர்பானது.

ஏப்ரல் 6

அன்புள்ள தங்கைக்கு,

அறிவிப்பு பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டு, ஒப்புகை அட்டை திரும்பிவந்துள்ளது. சட்டப் பிரிவிலிருந்து பதிலும் வந்தது: 'தங்கள் அறிவிப்பின் உள்ளடக்கம், எமது உரிமைகளுக்குப் பாதகமின்றி, குறித்துக்கொள்ளப்பட்டது.' இதனைவிடச் சிறந்த பதிலை நாம் எதிர்பார்க்க இயலாது. இனி அவர்கள் அறியவில்லை என்று எக்காலத்தும் கூற முடியாது. உன் கடமை நிறைவேறியது.

மருந்துக்கடை வாசலில் நீ நடந்துகொண்ட விதம் சரியானது.

நிம்மதியாக இரு. உன் அண்ணி உனக்குக் கம்பளிச் சட்டை பின்னுகிறாள், அளவு கேட்கிறாள்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணா,

குறித்துக்கொண்டது யார்? அதைச் சொல்லவில்லையே. சட்டப் பிரிவு நான்காம் மாடியில் இருக்கிறது, சிஸ்டம் ஓடுவது தரைத்தளத்தில். இருபத்து நான்கு வருடத்தில் நான்காம் மாடிக்காரர் யாரும் கீழே வந்து நான் பார்த்ததில்லை. ஒப்புகை அட்டை உங்கள் கோப்பில் இருக்கிறது. பட்டியல் காலியாயிற்றா என்று எனக்குத் தெரியவேண்டும்.

இந்த வாரம் ஒரு நேர்காணலில் எதிரே ஆளே இல்லை. இயந்திரம் கேள்வி கேட்டது, நான் கேமராவைப் பார்த்துப் பதில் சொன்னேன். எழுத்தைப் படிக்கக் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி, ஒரு கேள்விக்கு நேரம் முடிந்துவிட்டது. வெளியே வருவதற்குள் நன்றி, வாழ்த்துகள் என்று பதில் வந்துவிட்டது. அதற்குக் காட்டிய ஒரு ப்ரோக்ராமில் தப்பு இருந்தது. நான் கண்டுபிடித்துவிட்டேன் அண்ணா. சொல்லத்தான் நேரம் போதவில்லை.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அலுவலக வாசலுக்குப் போய் நின்று, வருகிறவர் யாராயிருந்தாலும் பிடித்துச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறது. போகட்டுமா?

உங்கள் தங்கை


இரகசியம். சட்ட ஆலோசனை தொடர்பானது.

மே 1

தங்கைக்கு,

போகாதே. வாசலில் நிற்பது ஒன்பதாம் பிரிவை நேரடியாக மீறுவதாகும். அதன்பின் உனக்காக வாதிட என் கையில் எதுவும் எஞ்சாது. நினைவூட்டல் ஒன்றை அனுப்பியுள்ளேன். சட்டப் பிரிவின் தலைவர் விடுப்பில் இருப்பதாகத் தானியங்கிப் பதில் வந்தது. திரும்பியதும் கவனிப்பார் என நம்பலாம்.

நான் சொல்வதைக் கேள்.

அண்ணன்


மே 19

அண்ணா,

நடந்துவிட்டது.

நேற்று ஹெட்செட் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒன்பதாம் பிரிவு என்னைத்தான் கட்டும், அவரை அல்ல. காதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. பொத்தானை அழுத்தியிருக்கிறார். கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கவில்லை. பகல் நேரம், பக்கத்து வீட்டில் ஆள் இருந்திருக்கிறது, நடுவில் ஒரே சுவர். அவர் கத்தவில்லை. ஏன் கத்த வேண்டும்? உதவி வந்துகொண்டிருக்கிறது என்று நான் சொல்லியிருக்கிறேனே. மறுபடி மறுபடி அழுத்தியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் பயப்படாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் மகள் கதவைத் திறந்தபோது உயிர் இருந்தது. "வந்துட்டிருக்காங்கம்மா, நீ பதறாத" என்று அவளுக்கே ஆறுதல் சொன்னாராம். மருத்துவமனையில் போய்விட்டார்.

வேறு எழுத முடியவில்லை.


இரகசியம். சட்ட ஆலோசனை தொடர்பானது.

மே 25

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை நேற்று முழுவதும் மேசைமேல் வைத்திருந்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எனவே தெரிந்ததை எழுதுகிறேன்.

சட்டத்தின் கண்ணில் உன் நிலை பாதுகாப்பானது. உரிய காலத்தில், உரிய பிரிவுக்கு, உரிய முறையில் அறிவிப்புத் தந்திருக்கிறாய். ஒப்புகை நம்மிடம் உள்ளது. பொறுப்பு முழுவதும் அவர்களைச் சார்ந்தது. இறந்தவரின் குடும்பத்தாரோடு எவ்விதத் தொடர்பும் கொள்ளாதே. அனுதாபம்கூட ஒப்புதலாகத் திரிக்கப்படலாம்.

நாம் செய்யக்கூடியதைச் செய்தோம்.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 8

அன்புள்ள அண்ணா,

அவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். நான்காம் மாடியிலிருந்து போன் வந்தது. ஒன்பதாம் பிரிவை ஒருநாளுக்குத் தளர்த்துவதாக எழுதிக்கொடுத்தார்கள். அதுவரை நாலு பேரைக் கூடுதலாக உட்காரவைத்து, வரும் அழைப்புகளைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். போனேன். பழைய நாற்காலி இல்லை, நின்றுகொண்டே செய்தேன். பட்டியல் காலியாயிற்று. உடனே ஒரு மணி அடித்தது. யாரோ ஒரு அம்மாவுக்கு மூச்சுத் திணறல், ஆம்புலன்ஸ் போயிற்று. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

சின்னவர் என் பின்னால் நின்றிருந்தார். தாடி வளர்ந்து, என் வயதுக்காரர்போல இருந்தார்.

"சுருக்கத்துல 'நல்லது'ன்னுதான்க்கா இருந்துச்சு. 'கட்டாயம்'னு இல்ல."

"நான் வாயால சொன்னேனேப்பா."

"சொன்னீங்க." திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "எனக்கும் இந்த மாசத்தோட பொறுப்பு நிறைவடையுதாம்க்கா."

அவர் தண்ணீர் பாட்டில் எதையும் நகர்த்தவில்லை, நானும் நகர்த்தவில்லை.

"வக்கீல் நோட்டீஸ் கீழ வரவே இல்லையா?" என்று கேட்டேன்.

"போன வாரம்தான் காட்டினாங்க. நீங்க கேஸ் போடப்போறீங்கன்னு நெனச்சு வழக்கு ஃபைல்ல வெச்சுட்டாங்களாம். நானும் மூணு தடவ படிச்சேன்க்கா. இப்ப நடந்ததெல்லாம் தெரிஞ்சும் அதுல அது எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க முடியல."

வெளியே வரும்போது வரவேற்பறையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் கயிறு சுற்றிய ஒரு பொத்தான். வரவேற்பாளர் உள்ளே போயிருந்தார். "யாராச்சும் வருவாங்களாங்க? காலைலேர்ந்து உக்காந்திருக்கேன்" என்றாள்.

"வந்துட்டிருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். வாய் பழக்கம்.

அவள் சட்டென்று தலையைத் தூக்கினாள். வெகுநேரம் பார்த்தாள். குரல் கரகரத்துவிட்டது அண்ணா, இருபத்தெட்டு வயதுக் குரல் இல்லை இது. இருந்தும் கண்டுபிடித்துவிட்டாள்.

"அந்தக் குரல் நீங்கதானா?"

ஆமாம் என்றேன். திட்டுவாள் என்று நின்றேன். "அப்பாவுக்கு அந்தக் குரலை ரொம்பப் பிடிக்கும். சும்மா சோதிச்சுப் பாக்கறேன்னு சொல்லி அமுக்கிக் கேப்பாரு" என்றாள். அனுதாபம் சொல்லாதே என்று எழுதியிருந்தீர்கள். சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்கு யாரும் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அவள் வழக்குப் போடப்போகிறாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் நீதிமன்றத்தில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். நிறுவனத்தின் தரப்பில், முறையான எச்சரிக்கை எதுவும் தெளிவாக வரவில்லை என்று சொல்லப்போகிறார்களாம். அவர்கள் சொல்வது பொய்யில்லை. உங்கள் அறிவிப்பு என்னைக் காப்பாற்றத்தான் எழுதப்பட்டது; என்னைக் காப்பாற்றிவிட்டது. உங்களைக் குறைசொல்லி எழுதவில்லை. வேண்டாமென்று நீங்கள் சொன்னீர்கள். சரியென்று சொன்னது நான். மருந்துக்கடை வாசலில் வாயை மூடிக்கொண்டதும் நான்தான்.

நான் முதலில் எழுதிய கடிதத்தின் மூலப் பிரதி உங்களிடம் இருக்கிறது. அதை அனுப்பிவையுங்கள். இந்த ஒரு காகிதத்துக்கு உங்கள் ஆலோசனை வேண்டாம் அண்ணா.

உங்கள் தங்கை


ஜூன் 15

அன்புள்ள தங்கைக்கு,

நீ கேட்ட மூலப் பிரதி இத்துடன் உள்ளது. ஓரத்தில் 'அனுப்பவேண்டாம்' என்று சிவப்பு மையில் இருப்பது என் கையெழுத்து. அதனை அழிக்கவில்லை; அழிக்கவும் கூடாது. அந்தப் பெண்ணின் வழக்கறிஞர் அதைப் பற்றிக் கேட்பார், கேட்கட்டும்.

அனுப்புமுன் உன் கடிதம், என் அறிவிப்பு இரண்டையும் உன் அண்ணியிடம் கொடுத்தேன். கம்ப்யூட்டரைத் துடைப்பதைத் தவிர அதனோடு அவளுக்கு வேறு பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தாள். "அய்யய்யோ, யாராவது உடனே போய்ப் பண்ணணுமே" என்றாள். பிறகு என் அறிவிப்பைக் கண்ணாடி போட்டுக்கொண்டு, உட்கார்ந்து, மூன்று பக்கமும் படித்தாள். "இதுல என்னதாங்க சொல்ல வர்றீங்க?" என்று கேட்டாள். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து, இன்னும் உரக்க மறுபடி கேட்டாள். முதல்முறையே கேட்டிருந்தது.

முப்பத்தாறு ஆண்டுகளாக, எவராலும் பிடித்துக்கொள்ள முடியாத வாக்கியத்தை எழுதுவதே என் தொழில். அவ்வறிவிப்பில் என்னாலும் குறைகாண முடியவில்லை. அதனை நான் வரைந்த நாளில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எவர் மேலும் பழி விழாதபடி எழுதினேன். எவர் காதிலும் விழாதபடியும் எழுதியிருக்கிறேன்.

உன் ஆலோசகன் என்ற நிலையிலிருந்து விலகுகிறேன். வேறொருவரை ஏற்பாடு செய்துள்ளேன், முகவரி பின்பக்கத்தில். விலகுவதற்குக் காரணம் உண்டு. உன் கடிதம் ஏன் அனுப்பப்படவில்லை என்று நீதிமன்றம் கேட்கும். அதற்குப் பதில் சொல்லவேண்டியவள் நீயல்ல. சாட்சிக் கூண்டில் நான் ஏறுகிறேன். நம்மிடையேயான கடிதங்களை இரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமை உன்னுடையது. நீ விட்டுக்கொடுத்தால் நான் பேச முடியும். விட்டுக்கொடு.

போன வியாழக்கிழமை அந்தக் கட்டடத்துக்குச் சென்றிருந்தேன். அவர் லிஃப்ட் ஓட்டிய கட்டடம். இப்போது அதில் ஆள் இல்லை, பொத்தான்தான். நான் அழுத்தினேன். ஒரு குரல் ஏதோ சொன்னது. எனக்குக் கேட்கவில்லை.

கடிதத் தலைப்பில் வழக்கமாக நான் எழுதும் வாசகம் இம்முறை இல்லை என்பதை நீ கவனித்திருப்பாய். மறந்துவிட்டேன் என்று எண்ணாதே. இதனை எவரிடம் வேண்டுமானாலும் காட்டு.

உன் அண்ணன்